நாலாம் வகுப்பு காத்திருந்த புத்தகம்

எங்கள் சுண்டங்குளத்தில் பிள்ளைகள் வளராமல் நின்ற கதையைக் கேட்டால் வெளியூர்க்காரர்கள் வாயைப் பிளக்கிறார்கள், எனக்கோ அதைச் சொல்லத் தொடங்கும்போதே வாயில் புளித்த நீர் ஊறுகிறது. பிள்ளைகள் நின்றுபோனதில் எனக்கு ஆச்சரியமும் இல்லை, ஆத்திரமும் இல்லை, ஒரு வருஷம் மழை தவறுகிற மாதிரி அது நடந்துவிட்டது. பிள்ளைகள் நின்றுபோனதை வைத்துப் பெரியவர்கள் என்னவெல்லாம் செய்தார்கள் என்பதுதான் என் குமட்டலுக்குக் காரணம், அதைத்தான் சொல்லப் போகிறேன்.

ஊரில் ஒரே ஒரு பள்ளிக்கூடம், அதன் சீருடையை வருஷா வருஷம் தைத்துக் கொடுப்பவள் நான், பெயர் நாகஜோதி. பள்ளிக்கூடத்துக்கு எதிரே ஒரு மெஷின் போட்ட கடை. அந்தப் பள்ளிக்கூடத்துக்கு ஒருநாள் பட்டணத்துப் பதிப்பகம் ஒன்றிலிருந்து பெரிய வண்ண விளம்பரத்தாள் வந்தது. மேல்பாதியில், ‘காற்றுக்குக் கால் முளைத்த நாள்’ என்ற சிறுவர் புத்தகம் விரைவில் வரப்போகிறது, ஒன்பது வயதுப் பிள்ளைகளுக்கென்றே எழுதப்பட்டது, முன்வெளியீட்டுத் திட்டத்தில் இப்போதே பதிந்துகொள்ளுங்கள் என்று போட்டிருந்தது. கீழ்ப்பாதியில், அது வரும்வரை சும்மா இருக்காதீர்கள், ஏற்கெனவே வந்த இந்தப் புத்தகங்களை வாசித்துக்கொண்டிருங்கள் என்று பழைய சிறுவர் புத்தகங்களின் பெயர்களும் படங்களும் இருந்தன. பள்ளித் தாளாளர் வேலாயுதபெருமாள் மேல்பாதியைப் படித்ததும் நாலாம் வகுப்புப் பிள்ளைகள் மொத்தப் பேரையும் திட்டத்தில் சேர்த்துவிட்டார், மாவட்டத்திலேயே ஒரு வகுப்பு முழுக்கச் சேர்ந்த பள்ளிக்கூடம் எங்களுடையதுதான் என்று பெருமை வேறு. கீழ்ப்பாதியை எல்லோரும் படித்தார்கள், ஒருவரும் பொருட்படுத்தவில்லை. புதுசு வரப்போகுது, இனிமே பழசு என்னத்துக்கு என்றார்கள். தாளாளர் தன் மணிவிழாப் படத்தைக் கொண்டுவந்து அந்தக் கீழ்ப்பாதியின் மேல் ஒட்டச் சொன்னார், சுவரில் வேறு இடம் இல்லையாம்.

பழைய சிறுவர் புத்தகம் ஊரில் இல்லாமலும் இல்லை, வீட்டுக்கு வீடு இருந்தது. ஆண்டு விழாவில் ஓட்டப்பந்தயத்துக்கும் மாறுவேடத்துக்கும் புத்தகம்தான் பரிசு. அதைக் கலர்க் கண்ணாடித்தாளில் சுற்றி ரிப்பன் கட்டிக் கொடுப்பார்கள், வாங்கின பிள்ளை வீட்டுக்குக் கொண்டுபோனதும் அம்மாக்காரி அதை அப்படியே ஷோகேஸில், எவர்சில்வர் கோப்பைக்கும் பஞ்சு நாய்க்குட்டிக்கும் நடுவில் வைத்துப் பூட்டிவிடுவாள். பரிசைப் பிரிப்பது எங்கள் ஊரில் மரியாதைக் குறைவு. பிரித்துப் பார்த்தால் அதற்குள் என்ன மிச்சம் இருக்கப் போகிறது என்று என் அக்கா பவுனே ஒருமுறை என்னிடம் கேட்டிருக்கிறாள்.

ஆக, நாலாம் வகுப்பு புதுப் புத்தகத்துக்காகக் காத்திருந்தது. காலாண்டு போயிற்று, அரையாண்டு போயிற்று, பொங்கலுக்கு வரும் என்றார்கள், பிறகு பங்குனிப் பொங்கலுக்கு என்றார்கள், அச்சகத்தில் தாமதம் என்று கடிதம் வந்தது, ஓவியருக்கு உடம்பு சரியில்லை என்று இன்னொன்று வந்தது. பிள்ளைகள் தினமும் தபால்காரர் சைக்கிளைப் பார்த்ததும் பள்ளிக்கூட வாசலுக்கு ஓடி வந்து நின்று, அது போன பிறகும் வாசலிலேயே நின்றார்கள். விளையாடுகிற பிள்ளை விளையாட்டை விட்டது, சண்டை போடுகிற பிள்ளை சண்டையை விட்டது, கேட்டால் புத்தகம் வரட்டும் என்றார்கள். மே மாதம் புதுச் சீருடைக்கு அளவெடுக்க நான் போனபோது, போன வருஷத்துத் தோள்தான் இந்த வருஷமும் இருந்தது, போன வருஷத்து இடுப்புதான் இந்த வருஷமும் இருந்தது, ஒரு பிள்ளைக்கும் ஒரு நூல்கூடக் கூடவில்லை. ஒன்பது வயதுப் பிள்ளைகளுக்கான புத்தகம் வருகிறவரைக்கும் ஒன்பது வயதிலேயே நின்றுவிட்டார்கள், வேறொன்றுமில்லை. தாளாளரிடம் போய்ச் சொன்னேன். “அப்போ இந்த வருசம் புதுத் துணி வேண்டாம்ல?” என்றார் அவர்.

அதுதான் முதல் குமட்டல்.

மறு வருஷமும் அப்படியே, அதற்கடுத்த வருஷமும் அப்படியே. முதலில் அழுத தாய்மார்கள் இரண்டாம் வருஷத்தில் யோசித்தார்கள், மூன்றாம் வருஷத்தில் சிரித்தார்கள். பஸ்ஸில் எந்நாளும் அரை டிக்கெட், செருப்பு தேய்ந்தால் அதே அளவில் இன்னொன்று, மடியில் உட்கார்த்திப் படம் பிடிக்கத் தோதான பிள்ளை, எதிர்த்துப் பேசுகிற வயது வரவே வராத பிள்ளை. நாலாம் வகுப்பை வருஷா வருஷம் நாலாம் வகுப்பாகவே வைத்துக்கொண்டார்கள். அதே பாடத்தை அதே பிள்ளைகள் திரும்பத் திரும்பப் படித்ததால் வகுப்பு முழுக்க நூற்றுக்கு நூறு வாங்கியது, அந்த மதிப்பெண்ணைப் பார்த்து வெளியூர்க்காரர்கள் தங்கள் பிள்ளைகளை எங்கள் பள்ளிக்கூடத்தில் கொண்டுவந்து சேர்த்தார்கள், தாளாளர் மேலே ஒரு மாடி எடுத்தார். விசாரிக்க வந்த கல்வி அதிகாரி பிள்ளைகளின் கையெழுத்தைப் பார்த்து, அச்சடித்த மாதிரி இருக்கிறதே என்று பாராட்டிவிட்டு, வடை சாப்பிட்டுவிட்டுப் போனார். கல்யாண வீடுகளில் பன்னீர் தெளிக்கவும் கோயில் விழாவில் தேவதை வேஷம் போடவும் எங்கள் நாலாம் வகுப்பைத்தான் அழைத்தார்கள். வருஷா வருஷம் அந்த இறக்கையை நான்தான் தைத்தேன், அளவெடுக்காமலே தைத்தேன்.

ஆனால் ஒரு நாற்றம் இருந்தது. அதை யாரும் சொல்ல மாட்டார்கள், நான் சொல்கிறேன். அந்தப் பிள்ளைகளின் கழுத்தருகே குனிந்தால் திரிந்த பாலின் வாடை அடிக்கும், எந்தச் சோப்புக்கும் அது போகாது. ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு பால்பல் ஆடிக்கொண்டே இருந்தது, விழவில்லை. பேசும்போது அந்தப் பல் உள்ளே போய் வெளியே வந்தது, ஈறு வெளுத்துக் கிடந்தது. தாய்மார்கள் பவுடரை அள்ளிக் கொட்டி, அது பிள்ளை வாசம் என்று சொல்லி முகர்ந்து முகர்ந்து முத்தம் கொடுத்தார்கள். எனக்கு அதைப் பார்த்த நாளில் சோறு இறங்காது.

அந்த வகுப்பில் என் அக்கா மகளும் இருந்தாள், சங்கரேஸ்வரி. வகுப்புத் தலைவி, அதோடு ஓட்டக்காரி. பத்து வயதுக்குட்பட்டோர் ஓட்டத்தில் அவள் வருஷா வருஷம் மாவட்டத்தில் முதலாவதாக வந்தாள், வராமல் என்ன செய்வாள், மற்றப் பிள்ளைகள் முதல்முறை ஓடுகிற பந்தயத்தை அவள் ஆறாம் முறை ஓடிக்கொண்டிருந்தாள். என் அத்தான் அய்யனார்ராஜ் ஒவ்வொரு முறையும் மகளைத் தோளில் தூக்கிக்கொண்டு மைதானத்தைச் சுற்றி வருவார். அவர் கடைத்தெருவில் நடந்தால் சிங்கக்குட்டியின் அப்பா என்பார்கள், அந்தப் பேச்சுக்காகவே நாளுக்கு மூன்றுமுறை கடைத்தெருவுக்குப் போவார். அவளுக்குக் குமரேசன் என்று ஒரு தம்பி, திட்டத்தில் பெயர் போட்டபோது அவன் ஒன்றாம் வகுப்பில் இருந்து தப்பித்தவன். இப்போது அக்காளைத் தாண்டி வளர்ந்து நின்றான், அவன் சட்டை சிறிதானால் அதை எடுத்து அவளுக்குப் போட்டுவிட்டாள் பவுன். தம்பியின் பழைய சட்டையைப் போட்டுக்கொண்டு அக்காள் நிற்பாள்.

அவள் மட்டும் பள்ளிக்கூடம் விட்டதும் என் கடைக்கு வந்து உட்காருவாள். ஒருநாள் பட்டன் துளைக்குக் காஜா எடுத்துக்கொண்டிருந்த என்னிடம் கேட்டாள்.

“சித்தி, எனக்குப் பத்து வயசு ஆகவே ஆகாதா?”

“புத்தகம் வந்தா ஆயிரும்னு சொல்லுதாங்க.”

“அது எப்போ வரும்? எனக்குள்ள ஒருத்தி பெருசா இருக்கா சித்தி. முழங்காலை மடக்கிட்டு இருக்கா. ராத்திரியெல்லாம் வலிக்கு.”

இதை அவள் அழாமல் சொன்னாள், எனக்குத்தான் ஊசி விரலில் ஏறியது.

துணி வெட்டுவதற்கு முன்னால் பேப்பரில் வெட்டிப் பார்க்க நான் பழைய பேப்பர் எடை போட்டு வாங்குவது வழக்கம். அந்தக் கட்டில் ஒருநாள் அட்டை கிழிந்த ஒரு புத்தகம் வந்தது, ‘ஒட்டடைக்குச்சி ராஜா’ என்று உள்ளே போட்டிருந்தது, கடைசிப் பக்கங்கள் இல்லை. பட்டன் வைத்துக்கொண்டிருந்த நான் நிமிர்ந்து பார்க்கும்போது சங்கரேஸ்வரி அதற்குள் முகத்தைப் புதைத்திருந்தாள். கூப்பிட்டேன், கேட்கவில்லை. வாசலில் தபால்காரர் சைக்கிள் மணி அடித்துக்கொண்டு போனது, அதுவும் கேட்கவில்லை. சிரித்தாள், உதட்டைக் கடித்தாள், பக்கத்தைப் புரட்டினாள், கடைசியில் கிழிந்த இடத்துக்கு வந்து, அய்யோ என்று அவள் வாயைத் திறந்தபோது அந்தப் பால்பல் என் வெட்டுமேசையின் மேல் டக்கென்று விழுந்தது. அவள் எழுந்து நின்றாள். முழங்காலுக்குக் கீழே கிடந்த பாவாடை முழங்காலுக்கு மேலே ஏறியிருந்தது. அளவு டேப்பை எடுத்து வைத்துப் பார்த்தேன், நாலு விரல்கட்டை கூடியிருந்தது. கழுத்தில் குனிந்து முகர்ந்தேன். பால்வாடை இல்லை, வேர்வை வாடை அடித்தது. அந்த வாடையைப் போல நல்ல வாடையை நான் அதற்கு முன்னால் முகர்ந்ததில்லை.

“படிக்கும்போது நான் காத்துக்கிட்டே இல்ல சித்தி,” என்றாள், பல் போன வாயோடு. “இதோட மிச்சம் எங்க இருக்கு?”

மிச்சம் எங்கே இருக்கும், யார் வீட்டு ஷோகேஸிலாவது கண்ணாடித்தாளுக்குள் இருக்கும். அவளைக் கூட்டிக்கொண்டு அக்கா வீட்டுக்கு ஓடினேன், நல்ல சேதி சொல்லப் போகிறோம் என்ற நினைப்பில் ஓடினேன், அப்படி ஒரு மடச்சி நான்.

பவுன் மகளை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு ஓங்கி ஒரு அறை விட்டாள்.

“ஏட்டி, அடுத்த மாசம் மாவட்டப் போட்டி இருக்கு. பாவாடை கட்டையாப் போற அளவுக்கு வளர்ந்துட்டு வந்து நிக்கியே, யாரு உன்ன அந்தப் பிரிவுல சேப்பா?”

“அக்கா, அவ வளரணும்னு ஆசப்படுதா.”

“நீ ஒரு பிள்ளயப் பெத்து வளத்திருந்தா உனக்குத் தெரியும். வளந்த பிள்ளைக எந்த வீட்டுல சொன்ன பேச்சக் கேக்கு?” அத்தான் அதற்குள் ஷோகேஸ் சாவியைக் கழற்றித் தன் அரைஞாணில் கட்டிக்கொண்டார். அவள் ஓடி வாங்கிய பரிசுப் புத்தகங்கள் எல்லாம் அதற்குள்தான் சிவப்பும் பச்சையுமாக மின்னிக்கொண்டிருந்தன.

அன்றைக்குச் சாயங்காலமே பெற்றோர் கூட்டம் போட்டார்கள். பழைய புத்தகம் படித்தால் பிள்ளை வளர்ந்துவிடும் என்பது ஊருக்குள் ஒரு வாய் விடாமல் பரவிவிட்டது. இதைக் கேட்ட ஒரு தாய்கூட ஓடிப்போய் ஷோகேஸைத் திறக்கவில்லை, பூட்டுத்தான் மாட்டினார்கள். ஏற்கெனவே பூட்டு இருந்தவர்கள் இன்னொன்று மாட்டினார்கள். நூலகத்துச் சிறுவர் அலமாரியைக் கோணிப்பையில் கட்டித் தாளாளர் வீட்டு மச்சில் ஏற்றினார்கள். வெளியூரிலிருந்து வருகிறவர்களின் பைகளை மினிபஸ் நிறுத்தத்தில் இரண்டு பேர் நின்று துழாவினார்கள், சீப்புப் பழமானாலும் சேலையானாலும் விட்டுவிடுவார்கள், படம் போட்ட புத்தகமானால் பிடுங்கிக்கொள்வார்கள். எனக்கு ஊரில் ஒருவரும் துணி கொடுக்கவில்லை. சங்கரேஸ்வரியை என் கடைப்பக்கம் விடவில்லை. ஒரு வேளைச் சோற்றைக் குறைத்து, பாவாடையைக் கீழே இறக்கிக் கட்டி, அவளை எப்படியோ அந்தப் போட்டியில் ஓட வைத்து ஜெயிக்கவும் வைத்தார்கள். பள்ளிக்கூடம் போகிற வழியில் தலையைக் குனிந்தபடி என் கடையைத் தாண்டுவாள், பார்த்துக்கொண்டிருப்பேன். புதுப் பல் முளைத்த இடத்தை நாக்கால் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டு போவாள்.

இப்படியிருக்கும்போதுதான், எல்லோரும் எதிர்பார்ப்பதை விட்டுவிட்ட பிறகு, புத்தகம் வந்துவிட்டது. லாரியிலிருந்து கட்டுக் கட்டாக இறக்கினார்கள். ஊரில் அப்படி ஒரு கலக்கத்தை நான் பார்த்ததில்லை, பிள்ளைபிடிக்கிறவன் வந்து இறங்கின மாதிரித் தாய்மார்கள் மாரில் அடித்துக்கொண்டார்கள். முதல் வருஷம் எப்போ வரும் எப்போ வரும் என்று தாளாளரைப் பிடித்துத் தின்றவர்கள், இப்போது திருப்பி அனுப்பிவிட முடியாதா என்று கெஞ்சினார்கள். தாளாளர் கையைத் தூக்கி எல்லோரையும் அமர்த்தினார்.

“என்னத்துக்குப் பதறுதீக? பரிசாக் குடுத்துருவோம்.”

அவ்வளவுதான், எல்லோருக்கும் உயிர் வந்துவிட்டது. கலர்க் கண்ணாடித்தாள் வாங்கி வந்து, ராவோடு ராவாகத் தாய்மார்களே உட்கார்ந்து ஒவ்வொரு புத்தகத்தையும் சுற்றி, ரிப்பன் கட்டி, போதாததற்குப் பசைநாடாவும் ஒட்டினார்கள். மேடை போட்டு, பந்தல் போட்டு, ஒலிபெருக்கி கட்டி, பிள்ளை மேடையேற, தாளாளர் கொடுக்க, படம் பிடிக்க, இறங்கிய இடத்திலேயே தாய் அதைப் பிடுங்கிப் பையில் போட்டுக்கொள்வது என்று ஏற்பாடு. பிள்ளைகள் ஆறு வருஷம் காத்திருந்த புத்தகத்தை மேடையின் மேல்படியில் வாங்கிக் கீழ்ப்படியில் கொடுத்துவிட்டுப் போனார்கள். அத்தனை பிள்ளைகளும் அந்தப் பைகளைத் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள். பந்தல்காலைப் பிடித்துக்கொண்டு நின்ற எனக்கு அந்த இடத்திலேயே வாந்தி வரும்போலிருந்தது.

கடைசியில் நன்றியுரை. வகுப்புத் தலைவி சங்கரேஸ்வரி தன் பரிசைக் கையில் வைத்துக்கொண்டே ஒலிபெருக்கி முன்னால் வந்து நின்றாள். அத்தான் எழுதிக் கொடுத்ததை அவள் மனப்பாடம் செய்திருந்தாள். முன்வரிசையில் பவுன், அவளுக்குப் பக்கத்தில் அத்தான், அவர் உதடுகள் அந்த உரையை முன்கூட்டியே முணுமுணுத்துக்கொண்டிருந்தன. அவள் வணக்கம் சொன்னாள். பிறகு பல்லால் ரிப்பனைக் கடித்து இழுத்தாள்.

கண்ணாடித்தாள் கிழிகிற சத்தம் ஒலிபெருக்கியில் பந்தல் முழுக்கக் கேட்டது. யாரும் அசையவில்லை, ஊரில் அந்தச் சத்தத்தை அதற்கு முன்னால் கேட்டவர்கள் இல்லை. அவள் முதல் பக்கத்தைத் திறந்து, இத்தனை வருஷம் ஒரே பாடத்தைப் படித்துப் படித்துப் பழகின அந்தத் தெளிவான குரலில், சத்தமாக வாசிக்கத் தொடங்கினாள். ஒரு ஊரில் காற்றுக்குக் கால் முளைத்தது, அது முதலில் போய் நின்றது ஒரு செருப்புக் கடை வாசலில் என்று அவள் வாசித்தாள். நாலாம் வகுப்பிலிருந்து ஒரு பிள்ளை சிரித்தது, இன்னொன்று சிரித்தது, பெஞ்சின்மேல் பல் விழுகிற சத்தம் கேட்டது, அதன்பின் பல்லாக விழத் தொடங்கியது, நான் தைத்துக் கொடுத்த சட்டைகளில் பட்டன்கள் தெறித்தன, அக்குள் பிரிந்தது, தோள் கிழிந்தது. என் தையல் பிரிவதைப் பார்த்து நான் சந்தோஷப்பட்டது அன்றைக்கு மட்டும்தான்.

“காதைப் பொத்துங்க!” என்று கத்தினாள் ஒருத்தி. அப்போதுதான் தாய்மார்கள் விழித்துக்கொண்டு, வாரிச் சுருட்டிக்கொண்டு ஓடி, வளர்ந்துகொண்டிருக்கும் பிள்ளைகளின் காதுகளைப் பொத்தி அழுத்தினார்கள். சில தாய்கள் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு பந்தலைவிட்டே ஓடினார்கள். தாளாளர் ஒலிபெருக்கியை அணைத்தார். அவள் அது இல்லாமலே வாசித்தாள். காது விடுபட்ட பிள்ளைகள் கிழிந்த சட்டையோடு மேடையருகே போய் ஒண்டிக்கொண்டார்கள். அத்தான் கையை ஓங்கிக்கொண்டு படியேறினார், அவர் ஏறிப் பக்கத்தில் போவதற்குள் அவள் அவர் தோள் உயரத்துக்கு வந்திருந்தாள், ஓங்கின கையை என்ன செய்வதென்று தெரியாமல் அவர் தலையைச் சொறிந்துகொண்டார். அவள் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் பக்கத்தைப் புரட்டினாள். புத்தகம் முடிந்தபோது அவளுக்குப் பதினைந்து வயது ஆகியிருந்தது. அவளோடு பாதி வகுப்பும் வளர்ந்துவிட்டது. மீதிப் பாதி, காது நன்றாகப் பொத்தப்பட்ட பாதி, இன்னமும் நாலாம் வகுப்பில்தான் இருக்கிறது, நூற்றுக்கு நூறு வாங்கிக்கொண்டிருக்கிறது.

இரண்டு நாள் கழித்து அக்காவும் அத்தானும் மகளோடு என் கடைக்கு வந்தார்கள். அழுத முகமாக இருப்பார்கள், இனியாவது நாலு நல்ல வார்த்தை பேசுவோம் என்று எழுந்தேன். பவுன் ஒரு பட்டுத்துணியை மேசையில் விரித்தாள்.

“பாவாடை தாவணிக்கு அளவெடு. வயசு வந்துட்டுல்லா, சடங்கு வைக்கணும். ஆறு வருசமா எல்லார் வீட்டு விசேசத்துக்கும் செஞ்சது நமக்குத் திரும்பி வர வேண்டாமா?”

“பிளெக்ஸ் அடிக்கக் குடுத்தாச்சு ஜோதி,” என்றார் அத்தான். “மாவட்ட வீராங்கனைன்னு கொட்டை எழுத்துல போடச் சொல்லிருக்கேன்.” அவர் முகத்தில் பழைய சிரிப்பு அப்படியே இருந்தது. மகள் ஒரே நாளில் ஆறு வயது வளர்ந்திருக்கிறாள், அவருக்குச் சிரிப்பைத் திருப்பி வைக்க ஒரு பிளெக்ஸ் போதுமானதாக இருந்தது.

நான் டேப்பை எடுத்து சங்கரேஸ்வரியின் தோளில் வைத்தேன். அவள் கையில் அந்தப் புத்தகம் இருந்தது, கண்ணாடித்தாள் இல்லாமல், ஓரம் மடங்கி, அழுக்காகி. அவளுக்கு மட்டும் கேட்கிற மாதிரிக் கேட்டேன்.

“புத்தகம் எப்படிட்டி இருந்துச்சு?”

அவள் கொஞ்சம் யோசித்தாள்.

“நல்ல புத்தகம்தான் சித்தி. சின்னப் பிள்ளைகளுக்கு ரொம்பப் பிடிக்கும்.” அட்டையில் இருந்த காற்றின் கால்களை விரலால் தடவினாள். “ஆரம்பிக்கும்போது எனக்கும் பிடிச்சிருந்துச்சு. பாதிக்கு மேல வாசிக்க வாசிக்க, அது என்ன விட்டுட்டுப் போயிருச்சு.”

ஆறு வருஷம் அவள் காத்திருந்த சிரிப்பு பாதிப் புத்தகத்தில் முடிந்துபோயிருந்தது, அதைக் கொடுக்க வேண்டியவர்கள் என் மேசையருகே நின்று பட்டின் சரிகையை இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு அக்கா மேல் வந்த அருவருப்பைப் போல இந்த ஜென்மத்தில் யார்மேலும் வந்ததில்லை.

“எனக்குச் சடங்கு வேண்டாம்மா,” என்றாள் சங்கரேஸ்வரி, அம்மாவின் கண்ணுக்கு நேராக நின்று. இப்போது அண்ணாந்து பார்க்க வேண்டியிருக்கவில்லை. “நான் அஞ்சாம் வகுப்புல சேரணும்.”

நான் பட்டுத்துணியை மடித்து, பவுன் கையில் திணித்து, வேறு கடை பாருங்கள் என்றேன்.